அசாமியச் சிற்றூரும் தமிழ் மொழிபெயர்ப்பும்: அண்மையும் அண்மைத் தோற்றமும்

1. முன்னுரை

அசாமிய நாவல் வளர்ந்த களங்களுள் முதன்மையானது சிற்றூர். பீனா பருவா என்னும் புனைபெயரில் பிரிஞ்சி குமார் பருவா எழுதிய ‘ஜீவனர் பாடத்’ (1944), ஹோமேன் பர்கோஹாயின் எழுதிய ‘ஹாலோதியா சொராயே பாவ்தான் காய்’ (1973), ‘பிதா புத்ர’ (1975), இந்திரா கோஸ்வாமி எழுதிய ‘தொந்தால் ஹாதீர் உயே கோவா ஹாவ்தா’ (1988) ஆகிய நான்கும் இக்களத்தைச் சார்ந்தவை. இவற்றுள் ‘பிதா புத்ர’ 1978இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ‘ஹாலோதியா சொராயே’ ஜானு பருவாவின் இயக்கத்தில் 1987இல் திரைப்படமாகித் தேசிய விருது பெற்றது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அசாமியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 1.53 கோடியர். 2024 அக்டோபரில் இம்மொழிக்கு நடுவணரசு செம்மொழித் தகுதி வழங்கியது. ஆயினும் அசாமியத்திலிருந்து நேரே தமிழாக்கம் செய்ய வல்லார் மிகச் சிலர். அதனால் அசாமிய நாவல் பெரிதும் இந்தி அல்லது ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வந்து சேருகிறது.

இவ்வழியில் நேரும் இழப்பு பொதுவாகச் ‘சூழல் வேறுபாடு’ என்னும் ஒரே தொடரால் விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் போதாது. தமிழுக்கும் அசாமியத்துக்கும் இடையே உண்மையான அண்மை நிலவும் இடங்கள் உள்ளன. அண்மை போலத் தோன்றி வழிதவறச் செய்யும் இடங்களும் உள்ளன. இடைமொழி வழி வரும் மொழிபெயர்ப்பு முன்னவற்றை அறியாது கைவிடுகிறது. பின்னவற்றை ஐயுறாது பற்றிக்கொள்கிறது. சிற்றூர் நாவல்களில் கதையின் உயிர்நிலையான நிலவுரிமையும் மனிதமதிப்பும் இவ்விரு பிழைகளாலேயே மிகுதியும் சிதைகின்றன. இக்கருத்தைச் சொல், மரியாதை வழக்கு, உறவுப்பெயர் ஆகிய மூன்று நிலைகளில் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. குடியிருப்பைக் குறிக்கும் சொற்கள்

2.1. பிரம்மபுத்திரா சமவெளியின் சிற்றூர் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளால் ஆனதன்று. ஒவ்வொரு வீடும் தனக்குரிய மரச்செறிவின் நடுவே நிற்கிறது. பாக்கு, மூங்கில், வாழை, பாக்குமரத்தில் படர்ந்த வெற்றிலை, ஒரு சிறு குளம் ஆகியவை அடங்கிய இவ்விடம் ‘பாரி’ எனப்படும். சாலையிலிருந்து வீட்டை நோக்கி வரும் வழியும் அதன் வாயிலும் ‘பதூலி’. அது சென்று சேரும் முற்றம் ‘சோதால்’. முற்றத்தைச் சுற்றி நெற்களஞ்சியம், மாட்டுத்தொழுவம், நெல் குத்தும் கொட்டில், தறி ஆகியவை அமையும். பாரிக்கு அப்பால் பரந்த நெல்வெளி ‘பதார்’. அதற்கும் அப்பால் ஆண்டு முழுதும் நீர் தேங்கும் ‘பில்’. பேராற்றின் வண்டலால் உருவாகி வெள்ளத்தால் இடம் மாறும் மணல்திட்டு ‘சாபரி’.

2.2. இவற்றுள் ‘பாரி’ என்பது ‘தோட்டம்’ என்றே எளிதாகப் பெயர்க்கப்படும். இது இரு வகையில் இடர் தருவது. முதலாவது, தமிழில் தோட்டம் என்பது பயிருக்கென ஒதுக்கிய நிலம். வீட்டைச் சூழ்ந்து அதன் உடலாகவே அமைந்த இடம் அன்று. இரண்டாவது, அசாமில் ‘தோட்டம்’ என்றதும் நினைவுக்கு வருவது தேயிலைத் தோட்டம். அதற்கு அசாமியத்தில் ‘பாகிசா’ என்னும் வேறு சொல் உண்டு. சிற்றூரும் பாகிசாவும் இருவேறு உலகங்கள். ரஸ்னா பருவா என்னும் பிறிதொரு புனைபெயரில் ‘செவுஜி பாதர் காகினி’ (1959) என்னும் நாவலைத் தேயிலைத் தோட்ட வாழ்வைப் பற்றி எழுதியவரும் பிரிஞ்சி குமார் பருவாவே. ஆசிரியர் இரு பெயர்களில் எழுதிய இரு உலகங்களையும் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது பொருந்தாது. ‘மனைக்கொல்லை’ என்னும் ஆட்சி பாரிக்கு ஓரளவு நெருங்கி வரும்.

2.3. குடியிருப்புத் தொகுதியைக் குறிக்கும் ‘சுபுரி’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. இதனைத் ‘தெரு’ என்றால் ஒழுங்காக அமைந்த வீட்டு வரிசை மனத்தில் எழும். அத்தகைய வரிசை அங்கு இல்லை. ‘சேரி’ என்றால் பழம்பொருள் பொருந்தும். ஆயின் இன்றைய வழக்கில் அச்சொல் சுமக்கும் சாதிப்பொருள் மூலத்தில் இல்லாத ஒன்றைப் புகுத்திவிடும். ‘குடியிருப்பு’ என்னும் நிறமற்ற சொல்லே இங்குத் தகும். தறியைப் பொறுத்தும் இதே எச்சரிக்கை வேண்டும். அசாமியச் சிற்றூரில் நெசவு பல சமூகங்களைச் சேர்ந்த பெண்களின் இல்லத் தொழில். ‘தறி’ என்றதும் தமிழ் வாசகர் அவ்வீட்டைக் கைக்கோளர் வீடு எனக் கொள்ளக்கூடும். ஒரு சிறு குறிப்போ, முதல் வருகையில் சேர்க்கும் ஓர் அடைமொழியோ இம்மயக்கத்தைத் தீர்க்கும்.

3. நிலத்தைக் குறிக்கும் சொற்கள்

3.1. ‘ஹாலோதியா சொராயே பாவ்தான் காய்’ என்னும் தலைப்பின் நேர்பொருள், ‘மஞ்சள் பறவைகள் பாவ்நெல்லைத் தின்கின்றன’ என்பது. பாவ் என்பது தாழ்நிலத்து ஆழ்நீர் நெல். வெள்ளத்துக்கு முன்னே விதைக்கப்பட்டு, நீர் உயர உயரத் தண்டும் உயர்ந்து, குளிர்காலத்தில் அறுவடையாவது. வேனிலில் விதைத்துக் கோடை இறுதியில் அறுக்கும் ‘ஆகு’, மழைக்காலத்தில் நட்டுக் குளிர்காலத் தொடக்கத்தில் அறுக்கும் ‘சாலி’ ஆகியவற்றினும் வேறுபட்டது. எவ்வகை நெல் என்று சொன்னால் எவ்வகை நிலம் என்பதும், அங்கு உழவு எத்துணை நெடிய காத்திருப்பு என்பதும் உடனே விளங்கும். ‘நெல்’ என்று மட்டும் பெயர்த்தால் தலைப்பு பொதுமொழியாகத் தேய்ந்துவிடும். வெள்ளம் தாங்கும் நெல்லுக்கு ‘மடுமுழுங்கி’ என்னும் பெயர் தமிழ் உழவர் வழக்கில் உண்டு. அதனை அப்படியே இட்டால் களம் காவிரிப் படுகைக்கு மாறிவிடும். எனினும் அப்பெயரை அறிந்த மொழிபெயர்ப்பாளர் பாவ்நெல்லின் தன்மையைத் தமிழில் சொல்லத் திணறமாட்டார்.

3.2. நாவலின் மையம் ரசேஸ்வர் என்னும் ஏழை உழவரின் நிலம். பழைய அடைமானத்தைக் காட்டிச் சனாதன் சர்மா என்னும் செல்வர் அந்நிலத்தைத் தமதென்கிறார். உழவர் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். இங்கு வரும் சொற்களுள் ‘பட்டா’ தமிழ் வாசகருக்கு வீட்டுச் சொல் போலப் பழகியது. அப்பழக்கமே இடர். 1886ஆம் ஆண்டு அசாம் நில வருவாய் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழி அமைந்த முறையில் பட்டா இருவகைப்படும். ‘மியாதி’ பட்டா மரபுரிமையாக இறங்குவது, பிறருக்கு மாற்றத்தக்கது. ‘ஏக்சனியா’ பட்டா ஓராண்டுக்கு மட்டும் உரிமை தருவது. அதில் மரபுரிமையும் இல்லை, விற்கும் உரிமையும் இல்லை. தமிழில் ‘பட்டா இருக்கிறது’ என்னும் தொடர் உறுதியைக் குறிக்கும். அசாமியச் சிற்றூரில் எந்தப் பட்டா என்று கேட்டறியாமல் உறுதி பிறவாது. இருமொழிக்கும் பொதுவான சொல் என்பதால் விளக்கமின்றி விடப்படும் இச்சொல், வேற்றுச் சொற்கள் பலவற்றினும் மிகுந்த பொருட்பிழைக்கு இடமளிக்கிறது.

3.3. அளவைச் சொற்களும் இத்தகையன. ஒரு பிகா 5 கட்டா. ஒரு கட்டா 20 லேசா. பிகா 14,400 சதுர அடி. லேசா 144 சதுர அடி. ஏறத்தாழ மூன்று பிகா ஓர் ஏக்கர். தமிழ் வாசகருக்கு எளிமை கருதி ஏக்கராகவோ சென்டாகவோ மாற்றுவோர் உளர். ‘மூன்று பிகா உடையவர்’ என்னும் தொடரில் எண் தரும் நிறைவு ‘ஓர் ஏக்கர் உடையவர்’ என்பதில் இல்லை. எல்லைத் தகராறு லேசாக் கணக்கில் நடக்கும்போது அச்சிறுமையே செய்தி. அது சென்டின் மூன்றில் ஒரு பங்கு. அளவுப் பெயரை வைத்துக்கொண்டு முதல் வருகையில் ஒப்பளவு தருவதே தக்கது.

3.4. அலுவலர் பெயர்களில் ‘மௌஜாதார்’ என்பவர் ஒரு மௌஜாவின் நிலவரியைத் தண்டித் தரகு பெறுபவர். அவரைத் ‘தாசில்தார்’ என்பது தவறு. ‘மண்டல்’ நிலத்தை அளந்து பதிவேடு பேணுபவர். தமிழில் ‘கர்ணம்’ அவருக்கு ஓரளவு நெருங்கியவர். ‘காவ்ன்புரா’ என்பதன் சொற்பொருள் ஊர் முதியவர். உண்மையில் அது அரசு அமர்த்தும் பதவி. ‘நாட்டாண்மை’ எனப் பெயர்த்தால் அதிகாரத்தின் ஊற்று அரசிலிருந்து சாதிக்கு இடம் மாறிவிடுகிறது.

4. ஊரின் நிறுவனங்கள்

4.1. சங்கரதேவரும் (1449–1568) அவர்தம் மாணவர் மாதவதேவரும் (1489–1596) பரப்பிய வைணவ இயக்கத்தின் விளைவு ‘நாம்கர்’. நாமம் ஓதும் இல்லம் என்பது இதன் பொருள். பல நாம்கர்களில் சிலை இல்லை. பீடத்தில் பாகவதம் முதலிய நூலே வைக்கப்படும். ‘பாவனா’ என்னும் நாடகம் நிகழ்வதும், ஊர்வழக்கு தீர்க்கப்படுவதும் இங்கேயே. ‘கோயில்’ எனப் பெயர்த்தால் மூலவர், கருவறை, தேர் ஆகியவை தமிழ் மனத்தில் வந்து அமர்கின்றன. ‘பசனை மடம்’ இதனினும் நெருக்கமானது. ஆயின் அங்கு வழக்குத் தீர்ப்பு இல்லை. இச்சொல்லை நாம்கர் என்றே வைத்துக்கொள்வது நலம்.

4.2. ‘சத்ர’ என்பது இன்னும் நுண்ணியது. இதே வடசொல் தமிழில் ‘சத்திரம்’ ஆகி வழிப்போக்கர் தங்குமிடத்தைக் குறிக்கிறது. எனவே வடிவ அண்மை இங்குப் பயன்படாது. அடுத்து நினைவுக்கு வரும் ‘மடம்’ துறவை உணர்த்துவது. மாஜுலியில் துறவியர் வாழும் சத்ரங்கள் உண்டு என்பது உண்மையே. ஆயின் இந்திரா கோஸ்வாமியின் நாவல் நிகழும் தென்காமரூபத்து அம்ரங்கா சத்ரம் இல்லறத்தாரால் வழிவழியாக ஆளப்படுவது. நிலமும் குடியானவரும் உடையது. துர்கா, சரு கோசாயினி, கிரிபாலா ஆகிய மூன்று விதவையரின் வாழ்வு அவ்வில்லத்துக்குள்ளேயே ஒடுங்குகிறது. ‘மடம்’ என்று படித்த வாசகர், துறவியர் மடத்தில் மருமகளும் விதவையும் எங்ஙனம் வந்தனர் என்று திகைப்பார். அன்றேல் அவர்களை அங்கு அடைக்கலம் புகுந்தவராகக் கொள்வார். உண்மையில் அவர்கள் அவ்வீட்டின் உரிமைக் குடியினர். சொந்த வீட்டிலேயே உரிமையற்றிருத்தல் என்னும் நாவலின் கூர்மை ஒரு சொல்லால் மழுங்கிவிடுகிறது.

4.3. இதற்கு மாறாக, தமிழ் மிகச் சிறப்பாக ஏற்கக்கூடிய ஒரு சொல் ‘ராய்ஜ்’. நாம்கரில் கூடுவதும், தீர்ப்பளிப்பதும், தண்டம் விதிப்பதும் ராய்ஜ். இதனை ஆங்கிலம் வழி ‘மக்கள்’, ‘பொதுமக்கள்’ எனப் பெயர்ப்பது வழக்கம். தமிழில் ‘ஊர்’ என்பது இடத்தை மட்டுமன்றிக் கூட்டுமனிதரையும் குறிக்கும். ‘ஊர் கூடியது’, ‘ஊர் சிரித்தது’ என்னும் தொடர்களில் ஊரே வினைமுதல். ராய்ஜ் என்பதற்கு இதனினும் நேரான சொல் தேடுதல் அரிது. இடத்தைக் குறிக்கும் ‘காவ்ன்’ என்பதைச் ‘சிற்றூர்’ அல்லது ‘கிராமம்’ என்று வைத்து, ‘ஊர்’ என்பதை ராய்ஜுக்கு ஒதுக்கினால் இரண்டும் தெளிவுபெறும். ராய்ஜ் ஒரு குடும்பத்தை விலக்கிவைப்பதை ‘ஏகரியா’ ஆக்குதல் என்பர். ‘ஒற்றை வீடாக்குதல்’ என்பது சொற்பொருள். ‘ஊர் ஒதுக்கிவைத்தது’ என்னும் தமிழ்த் தொடர் அதே அச்சத்தைத் தரவல்லது. ‘சமூகப் புறக்கணிப்பு’ என்னும் செய்தித்தாள் தொடர் அதனைத் தராது.

5. சுட்டுப்பெயரும் மரியாதையும்

5.1. அசாமியத்தில் முன்னிலை மூன்று படிகளை உடையது: தோய், துமி, ஆபுனி. வினையும் இவற்றுக்கேற்ப மாறும். ‘போ’ என்னும் ஏவல் முறையே ஜா, ஜுவா, ஜாவோக் எனவரும். தமிழில் நீ, நீர், நீங்கள் என்னும் மூன்றும் உள. நடுப்படியான ‘நீர்’ பொதுவழக்கில் குறைந்தாலும் தென்மாவட்ட வழக்கிலும் எழுத்திலும் நிலைத்துள்ளது. ஆங்கிலத்தில் இம்மூன்றும் ஒன்றாகி விடுகின்றன. அதனைப் பார்த்துத் தமிழாக்குபவர் யார் யாரை எப்படி அழைத்தார் என்பதை ஊகித்தே எழுதவேண்டியவராகிறார். சிற்றூர் உழவர் அலுவலக வாயிலில் நிற்கும் காட்சியில், எழுத்தர் தோய் என்றாரா, துமி என்றாரா என்பதே காட்சியின் பொருள். அது ஊகத்துக்கு விடத்தக்கதன்று.

5.2. படர்க்கையில் ஒற்றுமை இன்னும் வியக்கத்தக்கது. மரியாதை குறிக்காத படர்க்கையில் ஆணுக்குச் ‘சி’, பெண்ணுக்குத் ‘தாய்’ எனப் பால்வேறுபாடு உண்டு. மரியாதைப் படர்க்கையான ‘தேவ்’, அதனினும் உயர்ந்த ‘தேகேத்’ ஆகியவற்றில் பால்வேறுபாடு இல்லை. தமிழின் அவன், அவள், அவர் என்னும் அமைப்பும் இதுவே. இந்திச் சுட்டுப்பெயர் பால் காட்டாது; ஆங்கிலச் சுட்டுப்பெயர் மரியாதை காட்டாது. இருமுனையிலும் உள்ள ஒன்று இடையில் உள்ள மொழியால் அழிக்கப்பட்டு, பின்னர்த் தமிழில் மீண்டும் புனையப்படுகிறது.

5.3. அவ்வாறு புனையும்போது ஒரு சாய்வு இயல்பாகவே நுழைகிறது. உழவர் ‘அவன்’, நிலக்கிழார் ‘அவர்’, வேலைக்காரப் பெண் ‘அவள்’, சத்ரத்து மூதாட்டி ‘அவர்’ எனத் தமிழ்நடை தன் பழக்கத்தால் பங்கிடும். மூலத்தின் கதைசொல்லி அவ்வாறே பங்கிட்டிருக்கலாம், பங்கிடாமலும் இருக்கலாம். மூலத்தைக் காணாமல் இட்ட ‘அவன்’ ஆசிரியர் வழங்காத தீர்ப்பு. அசாமியத்தில் பெயரோடு சேரும் வகைப்பாட்டு ஒட்டுகளும் இத்தகையன. ‘மானுஹ்’ என்னும் சொல்லோடு ‘-தோ’ சேர்ந்தால் மதிப்புக் குறைவு. ‘-ஜன்’ சேர்ந்தால் மதிப்பு. தமிழில் ‘அந்த ஆள்’, ‘அந்த மனிதர்’ என்னும் வேறுபாட்டால் இதனை எளிதில் காட்டலாம். காட்டவேண்டும் என்று அறிந்திருந்தால்.

6. உறவுப்பெயர்

6.1. அசாமிய உறவுப்பெயர்கள் உடையவரின் இடத்துக்கேற்ப விகுதி பெறும். ‘என் தாய்’ மா. ‘உன் தாய்’ தோய் நிலையில் மார், துமி நிலையில் மாரா. ‘அவன் தாய்’ மாக். தந்தை, உடன்பிறந்தார் பெயர்களும் இவ்வாறே பாப், பாபேர், பாபேரா, பாபேக் என்றும், பாய், பாயேர், பாயேரா, பாயேக் என்றும் வரும். ஆபுனி நிலைக்குப் படர்க்கை வடிவமே உரியது. இடைமொழியில் இவ்வமைப்புக்கு இடமில்லை.

6.2. தமிழ் இவ்வமைப்பைத் தன் தொன்மையில் நன்கறியும். யாய், ஞாய், தாய். எந்தை, நுந்தை, தந்தை. எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை என்பன சங்கச் செய்யுளில் மூவிடத்துக்கும் உரிய வடிவங்கள். பின்னர்ப் படர்க்கை வடிவங்களே பொதுவாக நிலைத்தன. இருமொழிகளும் வேறு குடும்பத்தன என்பதால் இதனை உறவு எனக் கொள்ளலாகாது. அமைப்பொப்புமை என்ற அளவிலேயே கொள்ளவேண்டும்.

6.3. இப்பழைய வடிவங்களை இன்றைய நாவலில் மீட்டெடுப்பது பொருந்தாது. பயன்படக்கூடியது இன்றைய பேச்சுவழக்கு. எங்கப்பா, உங்கப்பா, அவங்கப்பா என இடப்பெயரோடு ஒன்றிய வடிவங்கள் இன்றும் வழங்குகின்றன. ‘உங்கப்பன்’, ‘உங்கப்பா’ என்னும் வேறுபாடு பாபேர், பாபேரா என்னும் வேறுபாட்டை ஏறத்தாழ அதே எடையில் தாங்கும். கதைசொல்லியின் கூற்றிலும் இவ்வுணர்வு தேவை. அசாமியக் கதைசொல்லி ‘மாக்’ என்னும்போது கதைமாந்தரின் தாயைப் புறத்தே நின்று சுட்டுகிறார். ‘மா’ என்னும்போது மகனின் நாவிலிருந்து சொல் வருகிறது. இரண்டையும் ‘அம்மா’ எனப் பெயர்த்தால் கதைசொல்லி எப்போதும் குழந்தையின் இடத்தில் நிற்பவர் ஆகிவிடுவார். ‘பிதா புத்ர’ போலத் தந்தை–மகன் உறவையே பொருளாகக் கொண்ட நாவலில் இவ்வேறுபாடு அணி அன்று, நோக்குநிலையே அதுதான்.

7. வட்டார வழக்கும் ஒலிபெயர்ப்பும்

7.1. எழுத்து வழக்கான அசாமியம் கீழை அசாமின் சிவசாகர் வழக்கை அடிப்படையாகக் கொண்டது. 1846இல் தொடங்கிய ‘அருணோதய்’ இதழ் அவ்வழக்கு நிலைபெற உதவியது. இந்திரா கோஸ்வாமியின் நாவலில் உரையாடல் காமரூப வழக்கில் அமைந்துள்ளது. இதற்கு ஈடாகக் கொங்குத் தமிழையோ நாஞ்சில் தமிழையோ இட்டால் கதைமாந்தர் கோவைக்கோ நாகர்கோவிலுக்கோ பெயர்ந்துவிடுவர். முற்றும் எழுத்துநடையில் தந்தால் உரையாடலுக்கும் கதைகூற்றுக்கும் உள்ள இடைவெளி மறையும். எந்த மாவட்டத்தையும் சுட்டாத பேச்சுத் தொடரமைப்பு, சொற்சுருக்கம், மரியாதை வேறுபாடு ஆகியவற்றால் அவ்விடைவெளியைக் காப்பது நடைமுறைக்கு ஏற்றது.

7.2. அசாமியத்தில் வரிவடிவச் சகர வகைகள் பல இடங்களில் கடையண்ண உரசொலியாக ஒலிக்கும். சொல்லிடையில் தமிழ்க் ககரம் இவ்வொலிக்கு மிக அண்மையில் ஒலிக்கிறது. ‘அகம்’ என்பதை நோக்குக. எனவே சொல்லிடையில் ககரத்தால் குறித்தல் இயலும். மொழிமுதலில் அவ்வசதி இல்லை. ஆங்கு வரிவடிவத்தைப் பின்பற்றிச் சகரம் இடலாம். நூல் முழுதும் ஒரே நெறி பேணப்படுவதே முதன்மையானது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, வடிவ ஒற்றுமை உடைய பட்டா, சத்திரம் போன்ற சொற்களே முதலில் ஐயுறத்தக்கவை. இரண்டு, ஊர், நீர், அவர், உங்கப்பன் போன்ற தமிழின் சொந்த வளங்கள் அசாமியச் சிற்றூருக்கு மிக நெருங்கியவை. இடைமொழி இவற்றைக் கேட்பதில்லை என்பதால் இவை பயன்படாமல் கிடக்கின்றன. மூன்று, நாம்கர், பிகா, பாவ் போன்றவற்றை அப்படியே வைத்தல் வாசகரை வருத்துவதன்று; பொருந்தாத தமிழ்ச்சொல்லே அவரை வழிதவறச் செய்வது.

நேர்மொழிபெயர்ப்பாளர் பெருகும்வரை இடைமொழி வழி தவிர்க்க இயலாததாக இருக்கலாம். அந்நிலையிலும் ஒரு வழி உண்டு. அசாமியம் அறிந்த ஒருவர் மூலத்தின் உரையாடல்களை மட்டும் வரிசையாக வாசித்து, ஒவ்வொன்றிலும் எந்த முன்னிலைப் பெயர், எந்தப் படர்க்கைப் பெயர், எந்த உறவு விகுதி, எந்த நிலச்சொல் என்று குறித்துத் தந்தால் போதும். சில நாள் உழைப்பில் முடியக்கூடிய இப்பட்டியல், ஒரு நாவலில் யார் எவரால் எவ்வாறு மதிக்கப்பட்டார் என்பதைத் தமிழுக்குத் திருப்பித் தரும். நிலத்தை இழக்கும் உழவர் தம் மதிப்பையும் மொழிபெயர்ப்பில் இழக்கவேண்டியதில்லை.